புது ஸ்பீக்கரும் சமையலறை ஃபேனும்

அந்தப் பாட்டில் ஒரு மணி உண்டு. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன்னால், புல்லாங்குழல் ஓய்கிற இடத்தில், யாரோ ஒரு சின்ன மணியைத் தட்டுவார்கள். கிணிங், கிணிங், கிணிங். ஐடிஐ படித்த நாளில் பொன்னேரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடினால், மணி வந்து போகும்வரை நான் பஸ் ஏற மாட்டேன். பஸ் போனாலும் போகட்டும் என்று நிற்பேன். அப்படிப்பட்ட மணி, புது ஸ்பீக்கர் வாங்கி வீட்டுக் கூடத்தில் நிறுத்தி, முதல் பாட்டாக அதையே போட்ட அன்றைக்கு வரவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழல் ஓய்ந்தது, சரணம் தொடங்கியது, நடுவில் ஒன்றுமே இல்லை. திரும்பவும் போடச் சொன்னேன். திரும்பவும் அதே கதைதான்.

என் காதில் கோளாறு இருக்கலாம் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நான் சோறு தின்பதே என் காதால்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி ரோலர்களுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுக்கிற ஆலை ஒன்றில் பராமரிப்பு ஃபிட்டர் நான். அந்த ரோலர்கள் சுற்றுவது பேரிங்கில். பேரிங் ஒன்று கெட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும். கெடுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு என் ஆயுதம் ஒரு முழ நீளத்து ஸ்க்ரூ டிரைவர். முனையைப் பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வேன். உள்ளே உருளைகள் ஓடுவது மண்டைக்குள் வரும். இது தாங்கும், இது தாங்காது என்று சொல்லிவிடுவேன். சொன்னது பெரும்பாலும் பலிக்கும். ஆலையில் எனக்குப் பெயரே காதுக்காரர்தான். "காதுக்காரரக் கூப்புடு" என்றால் எந்த ஷிஃப்டிலும் நான்தான்.

ஆலை இரைச்சல் தாக்காமல் காதை அடைத்துக்கொள்ள மஞ்சள் நிறத்தில் பஞ்சு மாதிரி அடைப்பான் தருவார்கள். எல்லாருக்கும் தருவார்கள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். மிஷின் பேசுவதைக் கேட்கிறவன் காதை அடைத்துக்கொண்டு நின்றால் விளங்குமா என்பது என் வாதம். அதைச் சொல்லி மற்றவர்களையும் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஸ்பீக்கர் வாங்கியதற்குக் காரணம் டிவி. எங்கள் வீடு பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில், ஆற்றுப் பக்கமாகப் போகிற தெருவில் இருக்கிறது. கூடத்தில் சுவரில் மாட்டிய பெரிய டிவி உண்டு, படம் பளிச்சென்று இருக்கும், பேச்சு மட்டும் கொழகொழவென்று வரும். இந்தக் காலத்து நடிகர்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று திட்டுவேன். பாட்டும் அப்படித்தான். மூடி போட்ட பாத்திரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். டிவிக்காரன் மெலிசாகச் செய்கிறேன் பேர்வழி என்று ஸ்பீக்கரில் கைவைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பாட்டு நின்றுபோய் ரொம்ப நாளாகிவிட்டது. கல்யாணமான புதிதில் என் மனைவி சமையலறையில் பாடிக்கொண்டே வேலை செய்வாள். மேடையில் பாடுகிற குரல் இல்லை. தனக்குத்தானே பாடிக்கொள்கிற குரல். நான் கூடத்திலிருந்த நாற்காலியைச் சமையலறை வாசற்படியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, பேப்பர் படிக்கிற பாவனையில் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுக்கும் தெரியும். பிறகு எப்போதோ அது நின்றுவிட்டது. மகள் பிறந்தாள், வேலை கூடிற்று, பெண்களுக்குப் பாட்டு எங்கே நினைவிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாற்காலி மட்டும் பழக்கதோஷத்தில் அதே வாசற்படியோரம் கிடந்தது, நானும் அதிலேயே உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

ஆக, போனஸ் வந்ததும் பொன்னேரிக் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், பேச்சில் தேன் ஒழுகும். இடுப்பு உயரத்துக்கு நிற்கிற இரண்டு பெட்டிகளையும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் காட்டினார். ஒரு தாளப் பாட்டைப் போட்டார். தரை அதிர்ந்தது, என் வயிறு அதிர்ந்தது. அடடா, இதுவல்லவா சத்தம் என்று அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்து பொருத்தினார். பெட்டிகளை டிவிக்கு இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு, நாற்காலியை எடுத்து எதிர்ச் சுவரோரம், நட்டநடுவில் போட்டார்.

"ரெண்டு பொட்டிக்கும் சமமா உக்காரணும்ணா. அப்பதான் எபெக்ட்டே."

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவிக்கு முகம் கொஞ்சம் வாடியது. "அங்கியா போட்டீங்க?" என்றாள். கூடம் அடைத்துக்கொள்கிறதே என்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தப் பாட்டு, அந்த மணி, அந்தத் தூக்கிவாரிப்போடல்.

"மணி எங்க?" என்றேன்.

"எந்த மணிண்ணா?"

"கொழல் முடிஞ்சதும் ஒரு மணி வரும். அது எங்க?"

"வந்துச்சேண்ணா."

"எங்கிட்டயே கத உடாத. இந்தப் பாட்ட நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேந்து கேட்டுக்கினு கீறேன்."

அவர் இன்னொரு தடவை போட்டார். மணி வரவேண்டிய இடத்தில் விரலை உயர்த்தி, "இதோ," என்றார். எனக்கு அவர் விரல்தான் தெரிந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து நின்றாள். அவள் கண் விரிந்திருந்தது.

"யம்மா, இன்னாங்க இது, பக்கத்துல குந்திக்கினு வாசிக்கிற மாதிரி கீது!"

"மணி வந்துச்சா?"

"வந்துச்சே. நல்லா கிணிகிணின்னு."

வெளியாள் முன்னால் புருஷன் சண்டை போட்டால் அசிங்கம் என்று பூசி மெழுகுகிறாள் என்று எனக்குப் பட்டது. கோபம் தலைக்கேறியது. கடைக்காரர் பெட்டியின் முன் துணியைக் கழற்றி, மேலே ஒரு ரூபாய் வட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்த சின்ன ஸ்பீக்கரைக் காட்டினார். உயர்ந்த ஒலியெல்லாம் அதிலிருந்துதான் வரும் என்றார். குனிந்து காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"இது செத்துப் போச்சு," என்றேன். பேரிங்கைப் பார்த்துச் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

பாவம், அவர் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வேறு ஜோடி கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனார். அந்த வாரம் முழுக்க நான் பழைய ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஆலையில் பேசினேன், டீக்கடையில் பேசினேன், ஊரில் ஏமாற்று வேலை எவ்வளவு பெருகிவிட்டது என்று கேட்டவரிடமெல்லாம் பேசினேன்.

இதற்கு நடுவே இன்னொரு பேஜாரு. அது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன். இந்தக் கதையை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சில வருஷங்களாகவே அந்த ஃபேனில் ஒரு கோளாறு. விட்டு விட்டு ஒரு இழுவைச் சத்தம் வரும். ங்ங்ங் என்று ஏறும், இறங்கும், நிற்கும், திரும்ப வரும். கூடத்தில் உட்கார்ந்தால் கேட்கும். எழுந்து உள்ளே போனால் நின்றுவிடும். ஃபிட்டர்களுக்கு இப்படிப்பட்ட கோளாறைப்போல எரிச்சல் எதுவும் கிடையாது, ஆள் போனதும் ஒளிந்துகொள்கிற கோளாறு. ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பார்த்தேன், பேரிங் சுத்தமாக இருந்தது. ஆனாலும் என் காது கேட்டதே! உள்ளே அச்சைத் தாங்குகிற புஷ்ஷை மாற்றினேன். சத்தம் போகவில்லை. ஃபேனையே மாற்றினேன். போகவில்லை. இன்னொரு கம்பெனி ஃபேன் வாங்கி மாட்டினேன். அதிலும் அதே இழுவை. வீட்டில் கேட்டால் இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஃபேன் நல்லாதான ஓடுது," என்பாள் மனைவி. என் அளவுக்கு இவர்களுக்கு நுட்பமான காது இல்லை என்று விட்டுவிடுவேன்.

ஸ்பீக்கர் வந்த வாரத்தில் அந்தச் சத்தம் முன்பைவிடக் கூடிவிட்டது. பாட்டைக் குறைத்து வைத்தால் ஊடே புகுந்து வரும். புது ஃபேன், அதற்குள் இந்த லட்சணம். அதையும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோபத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை நாஷ்டா முடிப்பதற்குள் கடைக்காரர் புது ஜோடியோடு வந்துவிட்டார். பொருத்தினார். போட்டார். மணி வரவில்லை.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "இன்னாயா, ஆளப் பாத்தா எப்டி தெரியுது? ஓட்ட டப்பாவக் குடுத்து ஏமாந்தவன் தலையில கட்டலாம்னு பாக்கிறியா?" என்று கத்தினேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"டப்பு வாங்கிக்கினு ஏமாத்துறவன் நான் இல்லண்ணா. உங்க ஊட்டு ஆளுங்களையே கேளுங்க. அத்தினி பேருக்கும் கேக்குது."

அப்போதுதான் மகள் நடுவில் வந்தாள். சென்னையில் கல்லூரியில் படிக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டாள். என் கத்தலில் எழுந்து, கலைந்த தலையோடு வந்து நின்றாள்.

"ப்பா, சும்மா இருங்க. ஸ்பீக்கர் நல்லா கீதா இல்லியான்னு ஃபோன்லயே பாக்கலாம். சின்ன சத்தத்துலேந்து பெரிய சத்தம் வரைக்கும் வரிசையா வரும். சத்தம்னா வால்யூம் இல்ல, கீச்சுத்தனம். அடியிலேந்து மேல ஏறிக்கினே போவும். கேக்கற வரைக்கும் கையத் தூக்கி வெச்சிருங்க. எங்க நிக்குதோ அங்க ஸ்பீக்கர்ல ப்ராப்ளம்."

இதுதான் நியாயமான பேச்சு என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் ஃபோனை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தாள். முதலில் லாரி நின்றபடி உறுமுவது மாதிரி ஒரு சத்தம், தரையில் அதிர்ந்தது. கையைத் தூக்கினேன். சத்தம் மெல்ல ஏறியது. உறுமல் போய் ஊளை ஆனது, ஊளை போய் விசில் ஆனது. நான் கையை உயர்த்தியபடி கடைக்காரரை முறைத்துக்கொண்டிருந்தேன். விசில் மெலிந்தது, மெலிந்தது, நின்றது.

கையை இறக்கினேன். பார்த்தாயா என்கிற மாதிரி சுற்றிலும் பார்த்தேன்.

சமையலறை வாசற்படியில் மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். முகம் சுளித்துப் பல் தெரிந்தது. கடைக்காரர் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளைக் காதுவரை தூக்கியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே தெரு நாய் எழுந்து நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா நிறுத்திட்ட? போடு," என்றேன்.

மகள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அவளிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஃபோனைத் திருப்பித் திரையைக் காட்டினாள். கோடு ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது, பாதிகூட முடியவில்லை.

"ஓடிக்கினுதான் கீது ப்பா," என்றாள்.

முதலில் நான் சிரித்தேன். அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் நாய்க்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஆலையில் ஒருமுறை பழுத்த கம்பி தடம் மாறி என் காலுக்குப் பக்கத்தில் பாய்ந்து போயிருக்கிறது. அன்றைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. "இன்னொரு வாட்டி போடு," என்றேன். போட்டாள். அதே இடத்தில் நின்றது. அதாவது எனக்கு நின்றது.

கடைக்காரர் ஒயரைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டார். "பரவால்லண்ணா, நான் அப்பறம் வரேன்," என்று சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கையைப் பிடித்தேன், அவ்வளவுதான் முடிந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, ஆம்ப்ளிஃபயரில் எந்தத் திருகு கீச்சொலியைக் கூட்டும் என்று மகளுக்குக் காட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுக்க நான் ஒரு பைத்தியக்காரனைப்போல வீட்டில் அதையும் இதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. காலிங் பெல் கெட்டுப்போகவே இல்லையாம். நான் இரண்டைக் கழற்றி எறிந்திருக்கிறேன். சுவரில் பல்லி கத்தினால் மனைவி நின்று யோசிப்பாள், நான் பாட்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன், இவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாளாம். டிவியில் எழுத்து ஓடும்படி மகள் எப்போதோ வைத்துவிட்டாள், அது அவள் இங்கிலீஷ் படத்துக்காக என்று நான் நினைத்திருந்தேன்.

"அப்ப சில்வண்டு?" என்றேன். தயங்கித்தான் கேட்டேன். தொழிற்சாலைப் புகையால் நம் பக்கத்தில் சில்வண்டெல்லாம் அழிந்துவிட்டது என்று டீக்கடையில் நான் பல தடவை பிரசங்கம் செய்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி ஆலைகளையும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தையும் சேர்த்துத் திட்டியிருக்கிறேன். கேட்டவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்ததற்கு இப்போது அர்த்தம் தெரிந்தது.

"சில்வண்டா? பொழுது சாஞ்சா காதப் பொளக்குது ப்பா," என்றாள் மகள்.

எனக்கு எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சில்வண்டு அழிந்தது என்று வருத்தப்பட்டவன் நான். உண்மையிலேயே வருத்தப்பட்டிருக்கிறேன்.

அந்த வாரமே திருவள்ளூரில் ஒரு காது மருத்துவரைப் பார்த்தோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள், பெரிய ஹெட்ஃபோனை மாட்டினார்கள். நான் நெடுநேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. மேல் ஒலிகள் போய்விட்டன, போனது திரும்பாது, சன்னமான பேச்சும் தேய ஆரம்பித்துவிட்டது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். காதுக் கருவி ஓரளவுக்கு உதவும், அதற்கு அளவு எடுக்க அடுத்த மாதம் வரச்சொன்னார். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பற்றிச் சொன்னேன். பேரிங் மட்டும் எப்படி இன்னும் கேட்கிறது என்றேன். அது எலும்பு வழியாக அதிர்வாகப் போகிறது, கனத்த ஒலி, அதற்குக் காதைவிட மண்டை போதும் என்று சிரித்தார். காதுக்காரர் என்ற என் பெயரை அவரிடம் சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை ஆலைக்குப் போனதும் பெட்டியிலிருந்த அந்த மஞ்சள் அடைப்பான்களை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். கிண்டல் செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகும் நான் கூடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மகள் திருகைத் திருகிக் கீச்சொலியைக் கூட்டி வைத்திருந்தாள். அப்படியும் மணி வரவில்லை. ஆனால் அது எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியுமே, அங்கே வந்ததும் மனசுக்குள் நானே தட்டிக்கொள்வேன். போனது மணியும் சில்வண்டும் பல்லியும்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று தேறிக்கொண்டிருந்தேன். அந்த ஃபேன் மட்டும் இன்னும் சத்தமாக இழுத்துக்கொண்டிருந்தது. கனத்த ஒலிதானே, அது எனக்கு நன்றாகவே கேட்டது. வர்ற ஞாயிறு அதைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. அத்திப்பட்டில் புகைபோக்கி எப்போதும் புகைந்துகொண்டிருக்கிறது, அங்கே செய்கிற கரண்ட் எங்கள் தெருவில் மட்டும் தங்குவதே கிடையாது. ஸ்பீக்கர் சட்டென்று அடங்கியது. கூடத்து மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. தெருவில் பேச்சுச் சத்தம்கூட இல்லை. பொழுது இன்னும் சாயவில்லை, ஜன்னல் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது. கரண்ட் வரட்டும் என்று கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன்.

ங்ங்ங் என்று அந்த இழுவை வந்தது.

ஃபேன் என்று வழக்கம்போல் பல்லைக் கடித்தேன். கடித்த பல் அப்படியே நின்றது. கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் ஃபேன் எப்படி ஓடும்? காற்றில் சுற்றுகிறது என்று நினைத்தேன். காற்றே இல்லை, ஜன்னல் துணி அசையவில்லை. சத்தம் ஏறியது, இறங்கியது, கொஞ்சம் நின்றது, திரும்ப வந்தது. பேரிங் சத்தம் மூச்சு வாங்குமா? இது மூச்சு வாங்கியது.

எழுந்தேன். வழக்கமாக நான் செருப்புக் காலோடு, "இந்த ஃபேன," என்று கத்திக்கொண்டே உள்ளே போவேன், சத்தம் நின்றுவிடும். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டு போனேன்.

மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேடையோரம் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை மெல்ல ஆடியது. வாசற்படியைத் தாண்டினேன். இழுவை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து எழுத்தாக மாறத் தொடங்கியது. இன்னும் ஒரு எட்டு வைத்தேன். பாதி சொற்கள் வந்தன. அந்தப் பாதியே போதும். கல்யாணமான புதிதில் நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே பாட்டு.

என் நிழல் மேடையில் விழுந்ததும் திரும்பினாள்.

"ஐயே, பயந்தே பூட்டேன். இன்னாங்க, பூன மாதிரி வந்து நிக்கிறீங்க?"

"நீ பாடிக்கினா இருந்த?"

"ஆமா."

"எப்பலேந்து?"

"இன்னா எப்பலேந்து? தெனம் பாட்றதுதான."

"நீ பாட்றத உட்டுட்டேன்னு நெனச்சேன்."

"எப்ப உட்டேன்?" அவளுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே கீரைக் காம்பை ஓரமாகத் தள்ளினாள். "நீங்கதான தெனம் இந்த வாசப்படியாண்ட சேரப் போட்டுக்கினு கேப்பீங்க. அந்த டப்பாவுக்கோசரம் சேரத் தூக்கி அந்தாண்ட போட்டுட்டீங்களா, எட்டாதேன்னு கொஞ்சம் சத்தமாப் பாடுனேன். அப்பறம் காது வேற இப்டின்னு தெரிஞ்சுச்சா, இன்னும் சத்தமாவே பாட்றேன். தெருவுல போறவங்க இன்னா நெனப்பாங்கன்னுகூடப் பாக்கல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்லப் போனது. கையிலிருந்த கீரையைத் தட்டில் வைத்தாள்.

"பல்லி, வண்டு, அதுங்கதான் கேக்கலன்னு நெனச்சேன்," என்றாள். "எங்கொரலுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத்தினி வருசமும் நீங்க கேட்டுக்கினு கீறீங்கன்னுதாங்க பாடிக்கினு இருந்தேன். ஒருநாள்கூடவா கேக்கல?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வாயில் வந்தது உண்மைதான்.

"ஃபேன்னு நெனச்சேன்," என்றேன்.

அவள் நிமிர்ந்து, அடுப்புக்கு மேலே நான் மாட்டியிருந்த புது ஃபேனைப் பார்த்தாள்.